பத்தாத செருப்பு

என் அக்கா ஒரு பொய்க்காரி. சங்கரன்கோவிலில் எங்கள் தெருவுக்கே அது தெரியட்டும்.

அப்போது எனக்கு எட்டு வயது, அவளுக்குப் பதின்மூன்று. அடுப்படிச் சாம்பலில் கிடக்கும் பெண் அரண்மனை விருந்துக்குப் போய், ஒற்றைச் செருப்பைத் தவறவிட்டு ஓடிவருகிற வெளிநாட்டுக் கதையைத் தமிழில் படமாக எடுத்திருந்தார்கள். பேச்சைவிடப் பாட்டு அதிகம். பள்ளிக்கூடமே அந்தப் பாட்டுகளைப் பாடித் திரிந்தது. அத்தை எங்கள் இருவரையும் மேட்னிக்குக் கூட்டிப்போவதாக ஏற்பாடு. அன்றைக்குப் பார்த்து எனக்குப் பொன்னுக்கு வீங்கி. கன்னம் இரண்டும் பன் மாதிரி உப்பிவிட்டன. தங்கம் பட்டால் வற்றிவிடும் என்று அக்காவின் சங்கிலியைக் கழற்றி என் கழுத்தில் போட்டுப் படுக்கவைத்தார்கள். அவள் மட்டும் போனாள். அவளுக்கும் வீங்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே கிடந்தேன்.

நடந்து போனவள் குதிரை வண்டியில் வந்து இறங்கினாள். கிட்டே ஓடினேன்.

"ஏட்டி, தொடாத, தள்ளிப் போ" என்றாள் அத்தை.

அம்மா என் கழுத்திலிருந்த சங்கிலியைக் கழற்றினாள். "ஒனக்கு வத்திரும். அவா போடட்டும்."

அக்கா பெரியவளாகிவிட்டாளாம். அதில் அவள் செய்த சாமர்த்தியம் என்னவென்று எனக்குப் புரியவில்லை. உளுந்தங்களி அவளுக்கு. நல்லெண்ணெய், முட்டை, புதுத் தாவணி எல்லாம் அவளுக்கு. பதினாறாம் நாள் சடங்குக்கு அப்பா தெருவை அடைத்துப் பந்தல் போட்டார். ஒலிபெருக்கியில் அந்தப் படத்துப் பாட்டையே வைத்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

எனக்கு மிஞ்சியது அத்தை வாங்கிவந்த பாட்டுப் புத்தகம்தான். கதைச்சுருக்கத்தில், இளவரசன் செருப்போடு வீடு வீடாக வருவது வரை போட்டு, மிச்சத்தை வெள்ளித்திரையில் காண்க என்று முடித்துவிட்டிருந்தார்கள். அக்கா தனியாக இருந்த அறையின் நிலைப்படியில் நின்று கேட்டேன்.

"மிச்சக் கதையச் சொல்லுக்கா."

"செருப்பு அவளுக்குப் பத்தல. கால் வளந்துட்டு."

"பெறவு?"

"பெறவு என்ன பெறவு? அடுப்படிக்கே போயிட்டா. போட்டி அங்கன."

அதை அப்படியே வகுப்பில் சொன்னேன். படம் பார்த்த ஒருத்தி எழுந்து, "இவா எந்தக் கொட்டாயில பாத்தாளாம்? செருப்பு கச்சிதமா இருந்துச்சுட்டி! ராசா கல்யாணம் முடிச்சுக் கூட்டிட்டுப் போயிட்டாரு" என்றாள். வகுப்பே சிரித்தது. நல்ல முடிவைத் தனக்கென்று ஒளித்துக்கொண்டாள் அக்கா என்று நினைத்தேன். ஒரு மாதம் அவளோடு பேசவில்லை. அவளுடைய பள்ளிக்கூடப் பையை எனக்குக் கொடுத்தபோது குதித்தேன். அவளிடமிருந்து ஒன்றையாவது பறித்தேனே என்று சந்தோஷம். அந்தப் பை அவளுக்கு ஏன் வேண்டாமல் போனது என்று நான் கேட்கவே இல்லை.

போன மாதம் ஒரு கல்யாண வீட்டில் இந்தப் பொய்யைச் சொல்லி அக்காவைக் கேலி செய்தேன். அவள் பந்திக்கு இலை போட எழுந்து போனாள். அத்தைதான் சொன்னாள்: "அவா முடிவ எங்க பாத்தா? இடைவேளையிலயே கூட்டியாந்துட்டம்லா."

அப்பா, உங்களைத்தான் கேட்கிறேன். மிச்சப் படத்துக்கு அவளை ஏன் அனுப்பவில்லை? எட்டாம் வகுப்போடு ஏன் நிறுத்தினீர்கள்? அவள் பெரியவளானதை ஊரைக் கூட்டிச் சொன்னீர்களே, இதற்கும் ஊரைக் கூட்டிப் பதில் சொல்லுங்கள்.