கியர் போடும் கை

போடிமெட்டுக்கு ஏறும் ஜீப்பில் நானும் மகளும் முன்சீட்டில் இருந்தோம். பின்னால் ஏலக்காய் எடுக்கப் போகும் பெண்கள். டிரைவருக்கு ஐம்பது வயதிருக்கும். முறுக்கிவிட்ட நரைமீசை, கழுத்தில் சுற்றிய துண்டு. ஒவ்வொரு வளைவு தாண்டியதும் இடது கையை உதறிக்கொள்வார்.

"கை வலிக்குதாண்ணே?"

"கியர் போடுற கைதான ஆத்தா. இந்த மலையில ஜீப்பு ஓட்டுற எல்லாருக்கும் உள்ளதுதான். தைலம் தேச்சா போயிரும்."

பின்னாலிருந்து ஒருத்தி, "அண்ணன் தேச்ச தைலத்துல ஜீப்பே ஓடும்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள்.

மெட்டில் டீக்கு நிறுத்தினார். குளிரில் மகள் என் சேலைக்குள் ஒண்டினாள். அவர் சட்டையோ வியர்வையில் நனைந்திருந்தது. டம்ளரை வைத்துவிட்டு மறுபடி இடது கையை உதறி, தாடையைத் தடவினார்.

"அண்ணே, இப்ப வண்டி நிக்குதே. இன்னும் வலிக்குதா?"

அவர் கீழே இறங்கவிருந்த இன்னொரு ஜீப் டிரைவரிடம் போய், "மாப்ளே, என்னைய ஆஸ்பத்திரியில விடு" என்றார்.

"வேலைக்கு டிமிக்கியா?" என்றவர், முகத்தைப் பார்த்ததும் "ஏறு, வெரசா" என்றார்.

ஏறும்போது எங்கள் டிரைவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "வெறும் கைவலின்னா, ஸ்டாண்டுல கேலி பண்ணியே கொன்னுருவாய்ங்க ஆத்தா."

பிறகு அவரை நான் பார்க்கவில்லை. விசாரிக்கவும் தைரியம் வரவில்லை. மகள் எங்கேயாவது வலிக்கிறது என்றால், சும்மா இருக்கும்போதும் வலிக்கிறதா என்றுதான் முதலில் கேட்கிறேன். ஸ்டாண்டில் அவரை எல்லோரும் நன்றாகக் கேலி செய்திருக்க வேண்டும் என்று இன்னமும் வேண்டிக்கொள்கிறேன்.