பரண்மேல் இரண்டு டப்பா

“சான்று மாதிரிப் பாதுகாப்பு அலுவலர்: உணவு அறிவியலில் பட்டம் பெற்றவர். தம் பொறுப்பிலுள்ள மாதிரிகளைக் கண்போல் காப்பவர். அவற்றின்மீது தனிப்பட்ட விருப்பு வெறுப்பு ஏதும் அற்றவர்.”

டின் மீன் ஆலையின் அலுவலகச் சுவரில், கண்ணாடி போட்டு மாட்டியிருந்த பணியாளர் விவரப் பட்டியலில் இப்படித்தான் இருந்தது. எழுதியவருக்கு நல்ல கற்பனை. அந்த அலுவலர் படித்தது ஒன்பதாம் வகுப்பு. அதிலும் அறிவியலில்தான் கோட்டை விட்டார். ஆலைக்குள் அவர் முதலில் நுழைந்தது மீன் கூடை இறக்க. எட்டு வருடம் இறக்கி முதுகு பிடித்துக்கொண்ட பிறகு, உட்கார்ந்து பார்க்கிற வேலையாக இருக்கட்டும் என்று மாதிரி அறையின் சாவியைக் கொடுத்தார்கள். விருப்பு வெறுப்பு விஷயத்தில், தக்காளிச் சாற்றில் போட்ட மத்தி என்றால் அவருக்கு உயிர்.

ஆலையில் அவருக்குப் பெயர் மியூசியம். “மியூசியம் அண்ணே, இன்னிக்கு எத்தனை பேர் பார்க்க வந்தாங்க?” என்று டப்பா மூடுகிற பிரிவுக்காரர்கள் கேட்பார்கள். “ஒரு பல்லி வந்துச்சு. டிக்கெட் வாங்கல” என்பார்.

அது ஜன்னல் இல்லாத அறை. தரையிலிருந்து கூரை வரை இரும்பு அலமாரி. ஆலைக்கு வரும் ஒவ்வொரு லாரி மீனுக்கும் ஓர் எண் உண்டு. அந்த எண் அடித்த டப்பாக்களில் மூன்றை எடுத்து இங்கே மூன்று வருடம் வைக்க வேண்டும் என்பது சட்டம். யாராவது புகார் என்று வந்தால் ஒன்றைக் கம்பெனி சோதிக்கும், ஒன்றை அரசு சோதிக்கும், ஒன்று புகார் கொடுத்தவருக்கு. ஆளுக்கொன்று, சண்டை இல்லை. சட்டம் போட்டவர்கள் எல்லாவற்றையும் யோசித்திருந்தார்கள். பதினான்கு வருடமாக ஒருவர்கூட வந்து ஒரு டப்பா கேட்கவில்லை என்பது மட்டும்தான் குறை.

ஆறு வருடத்துக்கு முன்னால் ஆலைக்குக் கொழுத்த காலம் வந்தது. ஊரெல்லாம் டப்பா திறந்து சாப்பிடப் பழகிவிட்டது. லாரிகள் இரண்டு மடங்காகி, மூன்று மடங்காகின. அலமாரி மட்டும் பழைய அலமாரி. மூன்று வருட மீன் நிற்க வேண்டிய இடத்தில் பத்து மாத மீன்தான் நின்றது. மியூசியம் தரக்கட்டுப்பாட்டு மேலாளரிடம் போனார். ஆலை முழுக்க அவரை மேடம் என்றுதான் சொல்லும்.

“மேடம், இடமே இல்ல. இன்னொரு ரூம் வேணும்.”

“ரூமுக்கு நான் எங்க போவேன்? எப்படியாவது இடம் பண்ணுங்க.”

“எப்படியாவதுன்னா?”

“எப்படியாவதுன்னா எப்படியாவதுதான். எப்படின்னு நான் கேட்க மாட்டேன்.”

சொன்ன சொல்லை மேடம் ஆறு வருடம் காப்பாற்றினார். கேட்கவே இல்லை.

பழையதை நசுக்கிக் குழியில் கொட்டலாம். ஆனால் இன்னும் இரண்டு வருடத்துக்கு மேல் ஆயுள் பாக்கியுள்ள டப்பாவை நசுக்க அவருக்குக் கை வரவில்லை. சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தார். வாரத்துக்கு ஆறு டப்பா. ஏட்டில் எல்லா எண்ணுக்கும் நேராக ‘மூன்று உள்ளது’ என்று எழுதிவைத்தார்; கையெழுத்து மட்டும் மணி மணியாக இருக்கும்.

“திருட்டுப் பொருளா?” என்றாள் மனைவி, முதல் நாள்.

“திருட்டு இல்ல. இடம் பண்றேன்.”

அன்றிலிருந்து அவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளேயிருந்து குரல் வரும்: “இன்னிக்கு எத்தனை இடம் பண்ணீங்க?” மீந்தது மாடி வீட்டுக்கும் மைத்துனி வீட்டுக்கும் போயிற்று. மைத்துனி வீட்டில் அவர் பெரிய அதிகாரி.

போன வருடம் ஒரு சாயங்காலம், வகுப்பு முடிந்து வந்த மகள், பதினேழு வயதுக்காரி, பசி தாங்காமல் தானே ஒரு டப்பாவைத் திறந்து ரொட்டியோடு தின்றாள். மியூசியம் வீட்டுக்கு வந்தபோது அவள் கண்ணாடி முன்னால் நின்று அழுதுகொண்டிருந்தாள். முகம், கழுத்து, காது மடல் எல்லாம் யாரோ சாயம் பூசியதுபோல் சிவந்திருந்தன. தலை வெடிக்கிறது என்றாள். நெஞ்சு படபடவென்று அடித்தது.

“என்னடி சாப்பிட்ட?”

“மீன்தான்ப்பா. வாயில வச்சதுமே நாக்குல மிளகைக் கடிச்ச மாதிரி இருந்துச்சு. பசியில தின்னுட்டேன்.”

மருத்துவர் ஊசி போட்டார். இந்தப் பெண்ணுக்கு மீன் ஒத்துக்கொள்ளாது, இனி வாழ்நாளில் தொடக் கூடாது என்று சீட்டில் எழுதி, தொடக் கூடாது என்பதற்கு அடியில் இரண்டு கோடும் போட்டார். மீன் என்றால் தட்டை வழித்துச் சாப்பிடுகிறவள் அவள். மனைவி அன்றே சட்டம் போட்டுவிட்டாள்: பிள்ளைக்கு இல்லாதது இந்த வீட்டில் யாருக்கும் இல்லை. மிச்சமிருந்த இரண்டு டப்பாவை எறிய மனம் வராமல் செய்தித்தாளில் சுற்றிப் பரண்மேல் போட்டாள். அதன் பிறகு வந்த டப்பாக்கள் எல்லாம் நேரே மைத்துனி வீட்டுக்குப் போயின. அதிகாரியின் செல்வாக்கு இன்னும் கூடியது.

இந்த வருடம் ஒரு திங்கட்கிழமை காலை மேடம் கூப்பிட்டனுப்பினார்.

“நாலாயிரத்து நானூத்திப் பதினேழு. மூணு டப்பாவையும் எடுத்துட்டு வாங்க. நாளன்னிக்கு ஆய்வாளர் வர்றார்.”

பதினான்கு வருடத்தில் முதல்முறையாக ஒருவர் மாதிரி கேட்கிறார். ஏட்டில் மூன்று. அலமாரியில் பூஜ்யம். வேலை போயிற்று, மானம் போயிற்று, போலீஸ் வரும் என்று வரிசையாக நினைத்துக்கொண்டு உண்மையைச் சொன்னார்.

“இல்ல மேடம். அந்த நம்பர்ல ஒண்ணும் இல்ல.”

மேடம் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “இருக்காதுன்னு தெரியும். நல்ல பேட்ச்சுல மூணு எடுத்துக்கங்க. மூடியில இருக்கிற மை பெயின்ட் தின்னர்ல துடைச்சா போயிடும். மெஷின்ல இந்த நம்பரை அடிச்சுக்கலாம். நீங்க ஆய்வாளர் முன்னால ஒரு கையெழுத்துப் போட்டா போதும்.”

மியூசியம் வாயைத் திறந்தவர் மூட மறந்துவிட்டார். திட்டுவார்கள், துரத்துவார்கள் என்று எதற்கெல்லாமோ மனசைத் தயார்ப்படுத்திக்கொண்டு வந்தவர் இதற்குத் தயாராக வரவில்லை. வாரம் ஆறு டப்பா திருடிய மனிதருக்கு, பொய் டப்பா என்றதும் உடம்பு கூசியது.

“என்ன புகார் மேடம்?”

“யாரோ ஒரு தையல்காரம்மா. விடாம எழுதிக்கிட்டே இருக்கு. படிச்சுப் பாருங்க.”

கம்பெனி முதலில் எழுதிய பதில் மேலே இருந்தது: ‘தங்களுக்கு மீன் ஒத்துக்கொள்ளாமல் போனதற்கு வருந்துகிறோம்.’ தையல்காரம்மா அதற்கு இப்படி எழுதியிருந்தாள்: ‘என் தாய் மீன் விற்று என்னை வளர்த்தவள். எனக்கு மீன் ஒத்துக்கொள்ளாது என்றால் தாய்ப்பாலும் ஒத்துக்கொண்டிருக்காது.’ மியூசியத்துக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த வரியில் அது நின்றது. ‘வாயில் வைத்ததும் நாக்கில் மிளகைக் கடித்ததுபோல் இருந்தது. அரை மணி நேரத்தில் முகம், கழுத்து, காது மடல் எல்லாம் சிவந்துவிட்டது.’

அவர் அதை இன்னொரு முறை படித்தார். காது மடல் என்றுதான் எழுதியிருந்தது.

“அது அந்த ஐஸ் மெஷின் நின்னுபோன நாள் மீன்” என்றார் மேடம், பேனாவைத் தேடிக்கொண்டே. “லாரி மத்தியானம் வரைக்கும் வெயில்ல நின்னுச்சு. அதனால என்ன? அந்தச் சூட்டுல வேகவச்சா எந்தக் கிருமி உயிரோட இருக்கும்?”

மியூசியம் அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தார். சட்டையைக்கூடக் கழற்றாமல் முக்காலி போட்டுப் பரணில் ஏறினார். செய்தித்தாளைப் பிரித்து, டப்பாவின் தூசியைக் கட்டைவிரலால் துடைத்தார். 4417. இரண்டாவதைத் துடைத்தார். 4417. முக்காலியின்மேல் நின்றபடியே சுவரைப் பிடித்துக்கொண்டார்.

“என்னங்க, இறங்குங்க முதல்ல. முகமெல்லாம் வெளுத்துப்போச்சு” என்றாள் மனைவி.

இறங்கி எல்லாவற்றையும் சொன்னார். மனைவி டப்பாவைத் தொடாமல் பார்த்தாள். என் கையால எத்தனை பேருக்கு இந்த மீனைப் போட்டிருக்கேன் என்றாள். பிறகு நிதானம் வந்து கேட்டாள்: “சரி, இப்ப என்ன பண்ணப் போறீங்க? இதை அங்க கொண்டுபோய் வச்சா எங்கிருந்து வந்துச்சுன்னு கேட்பாங்கல்ல? திருடன்னு எழுதிக் கழுத்தைப் பிடிச்சு வெளியே தள்ளுவாங்க. இன்னும் மூணு வருஷ வேலை இருக்கு. கையெழுத்துத்தானே கேக்கறாங்க?”

“போட்டா அந்தம்மா பொய் சொல்லிச்சுன்னு ஆயிடும்.”

“போடலைன்னா நீங்க திருடன்னு ஆயிடும்.”

“அது உண்மைதானே?”

இடம் பண்றேன் என்று ஆறு வருடமாகச் சொன்ன மனிதர் முதல்முறையாக அந்தச் சொல்லைப் பயன்படுத்தவில்லை.

கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்த மகள் மெல்லக் கேட்டாள்: “அப்படின்னா, எனக்கு மீன் ஒத்துக்குமாப்பா?”

அவர் அவளைப் பார்த்தார். ஒரு வருடமாக, தோழிகள் வீட்டில் விருந்து என்றால்கூட மருத்துவர் சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போகிற பெண்.

புதன்கிழமை, மேடத்தின் அறையில் மேசையைச் சுற்றி நான்கு பேர் உட்கார்ந்தார்கள்: ஒல்லியான ஆய்வாளர், மேடம், நகத்தில் இன்னும் சாக்குக்கட்டித் தூள் ஒட்டியிருந்த தையல்காரம்மா, மியூசியம். நடுவில் பளபளவென்று மூன்று டப்பா. ஆய்வாளர் ஒன்றை எடுத்து மூக்கருகே கொண்டுபோனார்.

“மீன் டப்பாவுல பெயின்ட் கடை வாசம் வருதே?”

“பக்கத்துல சுவருக்கு அடிக்கிறாங்க சார்” என்றார் மேடம். எந்தச் சுவருக்கும் யாரும் எதையும் அடிக்கவில்லை.

ஆய்வாளர் தாளை மியூசியத்தின் பக்கம் தள்ளினார். “இந்த மூணும் உங்க பொறுப்புல இருந்ததுதானே? கீழ ஒரு கையெழுத்து.”

மியூசியம் பேனாவை வாங்கி மேசையில் வைத்தார். மடியிலிருந்த சாப்பாட்டுப் பையைத் திறந்து, செய்தித்தாள் பொட்டலம் இரண்டை வெளியே எடுத்தார்.

“இல்ல சார். அது இது இல்ல. இதுதான் அது.”

“என்னது?”

“நாலாயிரத்து நானூத்திப் பதினேழு. நான் திருடி வீட்டுல வச்சிருந்தேன். மூணு இருந்துச்சு. ஒண்ணை எம் பொண்ணு தின்னுட்டா. இந்தம்மாவுக்கு வந்த மாதிரியே அவளுக்கும் வந்துச்சு.”

மேடத்தின் வாய் சத்தமில்லாமல் அசைந்தது. தையல்காரம்மா, “பொண்ணு நல்லாயிருக்காளா?” என்று கேட்டாள்.

“நல்லாயிருக்கா. மீன்தான் தின்ன விடல.”

“ஐயோ பாவம்” என்றாள் அவள்.

“மூணுல ஒண்ணு கம்பெனிக்கு, ஒண்ணு அரசாங்கத்துக்கு, ஒண்ணு இந்தம்மாவுக்கு சார்” என்றார் மியூசியம். “எம் பொண்ணு தின்னது கம்பெனியோடது. உங்க ரெண்டு பேரோடதும் பத்திரமா இருக்கு.”

ஆய்வாளர் டப்பாவை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “வெயில்ல நின்ன லாரி மீன்தான், ஆனா அவ்வளவு சூட்டுல வேகவைக்கிறோமே சார், கிருமி எப்படி?” என்று மியூசியம் கேட்டார். உண்மையிலேயே அவருக்குப் புரியவில்லை.

“கிருமி செத்துடும். மீன் வெயில்ல கிடந்தப்போ அது பண்ணி வச்ச விஷம் சாகாது. நீங்க எவ்வளவு கொதிக்கவச்சாலும் அப்படியே இருக்கும்.”

இருபத்திரண்டு வருடம் மீன் ஆலையில் இருந்தவர் அதை அன்றுதான் கேள்விப்பட்டார். மேடத்தைப் பார்த்தார். பட்டம் பெற்றவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பன்னிரண்டு நாளில் சோதனை முடிவு வந்தது. பளபளத்த மூன்றும் பழுதற்றவை. செய்தித்தாள் சுற்றிய இரண்டிலும் சட்டம் அனுமதிக்கிற அளவைப்போல் எட்டு மடங்கு விஷம். கடைகளில் மிச்சமிருந்த அந்த எண் டப்பாக்கள் எல்லாம் திரும்ப வந்தன. ‘எங்கள் கடுமையான மாதிரிப் பாதுகாப்பு முறையால் குறை கண்டறியப்பட்டது’ என்று கம்பெனி பத்திரிகையில் அறிவிப்புக் கொடுத்தது. அதே நாளில் மாதிரிப் பாதுகாப்பு அலுவலரைத் திருட்டுக் குற்றத்துக்காக வேலையிலிருந்து நீக்கியது. அறிவிப்பிலும் நீக்கக் கடிதத்திலும் கையெழுத்து ஒருவருடையதுதான். மைத்துனி வீட்டில் ஒரு மாதம் யாரும் அவரோடு பேசவில்லை.

வேலை போன வாரத்து ஞாயிற்றுக்கிழமை அவர் சந்தைக்குப் போய், காசு கொடுத்து ஒரு கிலோ மத்தி வாங்கி வந்தார். மருத்துவர் சீட்டை மகள் அடுப்பில் போட்டாள். முதல் வாயை எடுத்து வைத்தபோது அவரும் மனைவியும் அவள் காது மடலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒன்றும் ஆகவில்லை.

சுவரிலிருந்த பணியாளர் விவரப் பட்டியலை யாரும் மாற்றவில்லை. அந்தப் பதவியில் இருந்தவர் ஆறு வருடத்தில் ஆயிரத்து எண்ணூறு டப்பா மீனைத் திருடினார். அதில் இரண்டைத் திருப்பிக் கொண்டுவந்து, திருடியது நான்தான் என்று சொல்லி, மேசைமேல் வைத்தார்.