கடைசிக் காட்சியில் இரண்டு கோப்பைகள்

குடும்பத்தில் அவளை எல்லோரும் பூதக்கண்ணாடி என்றே அழைத்தனர். மருந்துத் தொழிற்சாலையில் வெற்றுக் கண்ணாடிப் புட்டிகளை விளக்கொளியில் திருப்பித் திருப்பிப் பார்த்து, கீறல் உண்டா என்று சோதிப்பது அவள் வேலை. அந்தப் பட்டப்பெயரைச் சூட்டியவர் அவளுடைய அண்ணன். கேலியாகச் சூட்டினாரா, பெருமையாகச் சூட்டினாரா என்பது அவருக்கே தெளிவில்லை.

சென்ற ஆண்டு அந்தக் கூர்மை அவளையே பதம் பார்த்தது. தனியாகக் குடியிருந்த வீட்டில் யாரோ நுழைந்து பொருள்களை இடம் மாற்றி வைப்பதாகச் சொல்லத் தொடங்கினாள். சோறும் தூக்கமும் போயின. அண்ணன் வந்து, வீட்டைப் பூட்டி, அவளைத் தம் வீட்டுக்கு அழைத்துப் போனார். மருத்துவம் கைகொடுத்தது, வேலைக்கும் திரும்பிவிட்டாள். இனித் தனியே இருக்கலாம் என்று மருத்துவரும் சொல்லிவிட்டார். சாவி மட்டும் அண்ணனின் சட்டைப்பையை விட்டு வெளியே வரவில்லை. கேட்கும்போதெல்லாம், "பாப்போம்மா, என்ன அவசரம்" என்பார். அவளுக்கோ தன் வீடு, தன் அடுப்பு, தன் நாற்காலி என்று மனம் அடித்துக்கொண்டது.

இந்த நிலையில் ஒரு விடுமுறைப் பகலில் அண்ணன் எல்லோரையும் படத்துக்கு அழைத்துப் போனார். சுவரொட்டியில் பூந்தோட்டத்தோடு ஒரு வீடு இருந்தது. குடும்பக் கதை என்று நம்பி அவரே டிக்கெட் வாங்கினார். படம் தொடங்கிச் சற்று நேரத்தில் அவருக்கு வியர்த்துவிட்டது. தன் வீட்டுப் பரணில் ஒருவன் ஒளிந்து வாழ்கிறான் என்று சொல்லும் பெண்ணின் கதை அது. படத்தில் யாரும் அவளை நம்பவில்லை.

இடைவேளையில் அவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "எனக்குத் தலை வலிக்குது. எல்லாரும் கிளம்புவோமா?"

"வலிக்கிறவங்க கிளம்புங்க," என்றாள் அண்ணன் மகள். "அத்தையும் நானும் பாத்துட்டு வர்றோம்."

அவர் நெற்றியிலிருந்து கையை எடுத்துவிட்டு மறுபடியும் உட்கார்ந்துவிட்டார்.

முடிவில் காவலர்கள் வீடு முழுவதும் தேடி, ஒருவரும் இல்லை என்று சொல்லிப் போய்விடுகிறார்கள். அந்தப் பெண் ஒரு கோப்பைக் காபியை மேசைக்குக் கொண்டுவருகிறாள். ஜன்னலைச் சாத்திவிட்டுத் திரும்பினால் மேசைமேல் இரண்டு கோப்பைகள். இரண்டிலும் ஆவி பறக்கிறது. அத்தோடு திரை இருண்டுவிட்டது.

எதிரே இருந்த காபிக் கடையில் உட்கார்ந்ததும் வழக்கு தொடங்கிற்று.

"ஆள் இருக்கான். இல்லாம காபி தானா வந்து உக்காருமா?" என்றாள் அண்ணி.

"அம்மா, அவளே ஊத்தி வச்சுட்டு மறந்துட்டா. அவளுக்கு இன்னும் சரியா..." என்று தொடங்கிய மகள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அண்ணி, சர்க்கரை போட்ட காபியில் மறுபடியும் சர்க்கரை போட்டாள்.

அண்ணன் தொண்டையைச் செருமினார். "நீ என்னம்மா நினைக்கிற? சும்மாதான் கேக்குறேன்."

சும்மா கேட்கிற முகமல்ல அது. ஆள் இருக்கிறான் என்றால், பழைய நோய் விடவில்லை என்று எண்ணுவார். படத்துப் பெண்ணுக்குத்தான் கோளாறு என்றால், இவளுக்கும் அப்படித்தானோ என்று அஞ்சுவார். எப்படிச் சொன்னாலும் சாவி பைக்குள்ளேயே தங்கிவிடும். அவர் மனம் ஆறும்படி ஒரு பதிலைத் தேடினாள், அகப்படவில்லை. உள்ளதையே சொன்னாள்.

"எனக்குத் தெரியல, அண்ணா."

"தெரியலன்னா?"

"தெரியலன்னா தெரியலதான். அவ ஊத்துறதையும் காட்டல, அவன் ஊத்துறதையும் காட்டல. எங்க வேலையில நல்ல பாட்டிலுக்கு ஒரு தட்டு, கீறல் பாட்டிலுக்கு ஒரு தட்டு, சந்தேகத்துக்குன்னு ஒரு தட்டு. இது மூணாவது தட்டு. வச்சுட்டு அடுத்ததை எடுக்க வேண்டியதுதான்."

"மனசு உறுத்தலையா?"

"கொஞ்சம் உறுத்துது. படம் எடுத்தவனைப் பாத்தா நாலு வார்த்தை கேப்பேன். இப்போ பசிக்குது, அந்த பன்னை இப்படித் தள்ளுங்க." ஒரு வாய் கடித்துவிட்டுத் தொடர்ந்தாள். "போன வருஷம் கேட்டிருந்தீங்கன்னா உடனே சொல்லியிருப்பேன். யாரு வந்தான், எந்த வழியா வந்தான், எதுக்கு வந்தான், அத்தனையும். அப்போ எனக்குத் தெரியாததுன்னு ஒண்ணுமே இல்ல. அதான் வியாதி."

அண்ணன் அவள் பன் தின்பதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தோள்கள் மெல்லத் தளர்ந்து இறங்குவது அவளுக்குத் தெரிந்தது.

"வீடு பூட்டிக் கிடந்து தூசி அடைஞ்சிருக்கும்," என்றார். "ஞாயித்துக்கிழமை வந்து கூட்டித் தர்றேன்."

"நீங்க வேண்டாம். குடும்பக் கதைன்னு சொல்லி இங்க கூட்டிட்டு வந்த ஆளு. அண்ணி வரட்டும்."

அண்ணிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அண்ணன் சட்டைப்பைக்குள் கைவிட்டுச் சாவியை எடுத்து, மேசைமேல் அவள் பக்கமாக நகர்த்தினார். பிறகுதான் தம் காபியை நினைத்தார். அது ஆறிப்போயிருந்தது. ஒரே மடக்கில் குடித்துவிட்டு, கடைக்காரரிடம் சூடாக இன்னொன்று சொன்னார்.