முதுகில் ஒரு சதுரம்

எழுபதுகளின் கடைசி. காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் பட்டு நூலுக்குச் சாயம் போடும் வேலை. என் கணவர் கொப்பரையில் நூலை முக்கி எடுப்பார். அலசிப் பிழிவது நான். மகளுக்கு எட்டு மாதம் ஆனபோது என் இரண்டு கைகளும் சிவந்து வீங்கி, கொப்புளம் வெடித்து நீர் வடிந்தது. மாமியார் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்.

"இது தொத்து. கொழந்தையைத் தொடாதே."

அன்று முதல் மகள் அவர் இடுப்பிலேயே இருந்தாள். எனக்குப் பாலும் வற்றிவிட்டிருந்தது, பால் கொடுக்க என்று குழந்தையைக் கேட்டு வாங்க ஒரு சாக்கும் இல்லை. குழந்தை என்னை நோக்கித் தவழ்ந்து வந்தால் நான்தான் எழுந்து போக வேண்டும். பெற்றவளுக்கு வயிறு எரியுமா எரியாதா?

ஒரு மாதம் ஆகியும் கை ஆறாமல், மெட்ராஸிலிருந்து வியாழனும் சனியும் வந்துகொண்டிருந்த ஒரு தோல் டாக்டரம்மாவிடம் போனோம். கையில் படுகிற ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொண்டுவாருங்கள், எது ஒத்துக்கொள்ளவில்லை என்று முதுகில் ஒட்டிப் பார்க்கலாம் என்றார். என் கணவர் என்ன கொண்டுபோனார் தெரியுமா? மூன்று தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்தி, பளபளவென்று முறுக்கிய முதல் தர நூலாகப் பொறுக்கிக் கொண்டுபோனார். இரண்டு நாள் கழித்துப் பிரித்தால் என் முதுகு வழவழவென்று இருந்தது.

"பாத்தியா? சாயமும் இல்ல, ஒண்ணும் இல்ல. தொத்துதான்" என்றார் மாமியார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "ஏங்க, நான் அலசிப் பிழியறது கொப்பரைத் தண்ணி சொட்டுற நூலை. நீங்க எடுத்துக்கினு போனது கல்யாணப் பொடவைக்கு வெச்ச நூலு!"

"டாக்டர் கிட்ட அழுக்கு நூலையா காட்டுவாங்க? நம்ம தொழிலுக்கு ஒரு மரியாதை வேணாமா?" என்றார் அந்த மகானுபாவர்.

அடுத்த வாரம் நானே போனேன். சோடா, சோப்புத் தண்ணீர், கறுப்புச் சாயம் வெளுக்காமலிருக்கச் சேர்க்கும் ஆரஞ்சு நிறப் பொடி, அந்தப் பொடி சேர்க்குமுன் எடுத்த ஒவ்வொரு நிறச் சாயத் தண்ணீர் எல்லாவற்றையும் சின்னச் சின்ன பாட்டிலில் எடுத்துப் போனேன். டாக்டரம்மா நீர்க்கவைத்து, பத்துத் துணித் துண்டுகளில் தடவி, பிளாஸ்திரி போட்டு ஒட்டினார். முதுகில் தண்ணீர் படக்கூடாது. வெள்ளிக்கிழமை தலைக்குக் குளிக்காத மருமகளைப் பார்த்து மாமியார் முணுமுணுத்ததைத் தனியாக எழுதலாம்.

பிரிக்கிற நாளில் அவரும் குழந்தையோடு வந்தார், நான் பொய் சொல்லிவிடுவேனோ என்று. ஒன்பது இடம் சுத்தமாக இருந்தது. பொடி தடவிய இடம் மட்டும் சிவந்து தடித்து, பொடிப் பொடிக் கொப்புளத்தோடு எழும்பியிருந்தது.

டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார்: "இந்தப் பொடி தோலுக்குள்ள போய் ஒட்டிக்குது. அங்க இருக்கிற செல், தன் மேல்பக்கத்துல அதைத் தட்டுல வெச்சுக் காட்டுற மாதிரி காட்டுது. ரத்தத்துல காவல் சுத்துற வெள்ளை அணு வந்து பாக்குது. தட்டு நம்ம வீட்டுது, அதுல இருக்கிறது வேத்துப் பொருள். ரெண்டையும் சேர்த்துப் பாத்தாதான் அதுக்குக் கோபம் வரும். வந்துட்டா மறக்கவே மறக்காது. கோபம் இவங்க உடம்போடது, வேற யாருக்கும் ஒட்டாது."

என்னை மாதிரியே ஒரு அணு என்று நினைத்துக்கொண்டேன். மாமியார் தட்டையும் கேட்கவில்லை, அணுவையும் கேட்கவில்லை. நாற்பது வருஷம் கட்டம் போட்ட புடவை நெய்தவர். குனிந்து என் முதுகுச் சிவப்பின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

"ஏம்மா, இது சதுரமா இருக்குதே?"

"துணி ஒட்டின அளவுக்குத்தான் வந்திருக்கு."

"தொத்து வியாதி மூலை மடிச்சு சதுரமாவா வரும்?" என்று தன்னையே கேட்டுக்கொண்டார். அவர் முகம் கறுத்தது. "ஆறு வாரம்! அய்யோ, நான் இன்னா காரியம் பண்ணிட்டேன்" என்று சொல்லி, குழந்தையை இறக்கி என் மடியில் வைத்தார்.

மகள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். உதடு பிதுங்கியது. யாரோ பிடித்துக்கொண்ட மாதிரி வீறிட்டு, மாமியாரை நோக்கித் தாவினாள். அவரும் பழக்கத்தில் இரண்டு கையையும் நீட்டினார்.

"எடுக்காதீங்க அத்தை" என்றேன். அவரிடம் அப்படி நான் பேசியதே இல்லை. நீட்டிய கையை அவர் மடக்கிக்கொண்டார். குழந்தை உதைத்தாள், கிள்ளினாள், கத்திக் கத்தித் தொண்டை கட்டி, கடைசியில் என் தோளிலேயே தூங்கிப்போனாள். வீடு போய்ச் சேரும்வரை நான் யாரிடமும் கொடுக்கவில்லை.