பௌர்ணமியன்று ஃப்ளஷ் டேங்க்

எங்கள் வீடு கிரிவலப் பாதையில் இருக்கிறது என்றால் கேட்பவர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். கொடுத்துவைத்தவள் என்று என்னிடமே சொல்வார்கள். பௌர்ணமியன்று என் வீட்டுக்குள் ஒருநாள் இருந்து பார்த்துவிட்டு அதைச் சொல்லட்டும். காலையிலேயே தடுப்பு போட்டுவிடுவார்கள். அதற்குப் பிறகு ஆட்டோ வராது. பால்காரர் வண்டியை எங்கேயோ நிறுத்திவிட்டுக் கேனைத் தூக்கிக்கொண்டு நடந்து வருவார். கேட்டைத் திறந்தால் படியில் நாலு பேர் உட்கார்ந்து காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருப்பார்கள்.

அந்தப் பௌர்ணமிக்கு வீட்டில் நானும் மாமனாரும்தான். கணவருக்கு ஓசூரில் வேலை. கூட்டம் கலைந்த பிறகு வருகிறேன் என்று சொல்லிவிட்டார், சொல்வதற்கென்ன. மாமனாருக்கு இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் ஆகி ஒரு மாதம்கூட முடியவில்லை. இரண்டு கையாலும் வாக்கரைப் பிடித்துக்கொண்டுதான் நடக்க முடியும். குத்துக்காலிட்டு உட்காரவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் கொல்லைப் பக்கத்து கக்கூஸ் அவருக்கு உதவாது. அவருக்காகவே உள்ளே ஒரு வெஸ்டர்ன் டாய்லெட் வைத்தோம்.

அந்த டாய்லெட்டின் ஃப்ளஷ் டேங்க்தான் மூன்று நாளாக நிறையவில்லை. மணிக்கணக்கில் காத்திருந்தாலும் அடியில் நாலு விரல் தண்ணீர்தான் சேரும். காது வைத்துக் கேட்டால் உள்ளே ஊசிமுனை அளவுக்கு ஒழுகும் சத்தம். மூடியைத் திறந்து நான் ஒரு பக்கெட் ஊற்றி வைத்தால் ஒருமுறைக்கு வரும். அடுத்த முறைக்கு மறுபடியும் நான். வாக்கரை விட்டுவிட்டு அவரால் பக்கெட்டைத் தூக்க முடியாது. ஒவ்வொரு தடவையும் உள்ளேயிருந்து, "அம்மாடி, கொஞ்சம் தண்ணி" என்று கூப்பிட வேண்டும். முப்பது வருஷம் அரசாங்க ஆபீசில் அதட்டிப் பழகிய குரல் அது. அந்த வார்த்தைக்கு மட்டும் பாதியில் தேய்ந்துபோகும். நான் பக்கெட்டோடு உள்ளே போனால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார்.

பிளம்பரிடம் முதல் நாளே சொன்னேன். நாளைக்கு வருகிறேன் என்றார். அவருடைய நாளைக்கு எது என்று இந்தத் தெருவில் யாருக்கும் தெரியாது. பௌர்ணமியும் வந்துவிட்டது.

அன்று காலை பத்து மணிக்கு மாத்திரை கொடுக்கப் போனபோது கட்டிலருகே இருந்த சொம்பைத் தூக்கினேன். கழுத்துவரை நிறைந்திருந்தது. காலை ஆறு மணிக்கு நான் வைத்தது. மாத்திரைக்கு மட்டும் ஒரு மடக்கு குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார். உதடு வெடித்திருந்தது.

"தண்ணி குடிக்கலையா மாமா?"

"தாகமே இல்லமா."

தண்ணீர் கம்மியானால் சிறுநீரில் கிருமி சேரும், காய்ச்சல் வரும், மறுபடி ஆஸ்பத்திரிக்குத்தான் என்று டாக்டர் என் எதிரில்தான் சொன்னார். அன்றைக்குக் காய்ச்சல் வந்தால் எந்த வண்டியில் ஏற்றுவேன்? கூட்டத்துக்கு நடுவே அவரை எப்படி நடத்திக்கொண்டு போவேன்?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சொம்பு நிறைந்திருந்ததை நான் அன்றுதான் பார்த்தேன் என்பதில்லை. முந்தின நாள் மாலையே பார்த்தேன். பார்த்துவிட்டு, இன்றைக்கு இரண்டு பக்கெட் தூக்குவது மிச்சம் என்று நினைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். அப்படி நினைத்தது நான்தான், வேறு யாருமில்லை.

பிளம்பருக்குப் போன் போட்டேன். அந்தப் பக்கம் ஒரே மேளச் சத்தம்.

"அக்கா, அன்னதானத்துல சாம்பார் வாளியோட நிக்கிறேன்க்கா. இந்தக் கூட்டத்துல எப்டிக்கா வர்றது?"

"நீ வர வேணாம். வாயால சொல்லு, நான் செய்றேன்."

"நீங்களா?" என்று சிரித்தார். எனக்குச் சுருக்கென்று ஏறியது. "ஆமா, நான்தான். சொல்லு" என்றேன். என் குரலைக் கேட்டு வாளியை யாரிடமோ கொடுத்துவிட்டார் போலிருக்கிறது.

முதலில் மிதவையைப் பார்க்கச் சொன்னார். தண்ணீர் ஏற ஏற மேலே வந்து குழாயை அடைக்கும் பிளாஸ்டிக் டப்பா அது. எங்கேயாவது இடித்துக்கொண்டு நிற்கிறதா என்று கேட்டார். தாராளமாகவே ஏறி இறங்கியது. பிறகு சுவரில் இருக்கும் ஆங்கிள் காக் என்கிற சின்னக் குழாயை மூடிவிட்டு, அதிலிருந்து டேங்குக்குப் போகும் பைப்பை மேல்பக்கம் கழற்றச் சொன்னார். கட்டிங் பிளேயரை வைத்துத் திருகியதில் உள்ளங்கைத் தோல் உரிந்தது. பைப்பின் வாயைப் பக்கெட்டில் விட்டுச் சுவர்க் குழாயைத் திறந்தேன். பீய்ச்சி அடித்தது.

"வேகமா வருதுப்பா."

"அப்ப டேங்குக்குள்ள நுழையிற எடத்துலதான் அடைப்பு. அங்க சின்னதா ஒரு ஜல்லடை இருக்கும், சட்டை பட்டன் சைஸுக்கு. புடிச்சி இழுங்க." கொஞ்சம் நிறுத்தி, "மேல தொட்டி எதனா கழுவுனீங்களாக்கா?" என்றார்.

கழுவினேன். எங்கள் பக்கத்தில் பௌர்ணமி நெருங்கினால் மாடித் தொட்டியைத் தேய்த்துக் கழுவிவிட்டுப் புதுத் தண்ணீர் ஏற்றுவோம். நடந்து வருகிறவர்களுக்குக் கேட்டருகே குடத்தில் தண்ணீர் வைக்க வேண்டுமே. கழுவும்போது வீட்டுக்குள் இறங்கும் வால்வை மூடிக்கொண்டுதான் கழுவ வேண்டும். இந்த முறை பாதியில் கீழிருந்து மாமனார் கூப்பிட்டார் என்று, குழாயில் தண்ணீர் வருவதற்காக வால்வைத் திறந்துவிட்டு எரிச்சலோடு ஓடி வந்தேன். திரும்பிப் போய் மிச்சத்தைத் தேய்த்துத் தள்ளினேன். வால்வை மறுபடி மூடும் நினைவே வரவில்லை.

ஜல்லடையைப் பிடுங்கினேன். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால் ஓட்டையே தெரியவில்லை. உப்புத் தண்ணீரின் வெள்ளைச் சில்லும் தொட்டிப் பாசியும் சேர்ந்து மெழுகி வைத்திருந்தது. ஊரில் போகிற வருகிறவர்களெல்லாம் நல்ல தண்ணீர் குடிக்கட்டும் என்று நான் செய்த புண்ணியம். என் வீட்டுக் கிழவர் மூன்று நாளாக வாயைக் கட்டிக்கொண்டு கிடக்கிறார்.

பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவினேன். தேய்க்கும்போதே வாசலில் யாரோ, "அம்மா, பாத்ரூம் போவணும்மா, கொஞ்சம் விடுவீங்களா?" என்று கேட்டார்கள். "கொல்லைப் பக்கம் போங்கம்மா" என்று இங்கிருந்தே கத்தினேன். ஜல்லடையைப் பொருத்தி, பைப்பை முடுக்கி, சுவர்க் குழாயைத் திறந்தேன். தண்ணீர் இரைந்துகொண்டு ஏறியது. மிதவை மேலே வந்து தானாக அடைத்தது. ஒருமுறை இழுத்துவிட்டேன், மறுபடி நிறைந்தது. மூடிய கம்மோடின் மேல் உட்கார்ந்து அழுதேன்.

முகம் கழுவிக்கொண்டு புதிதாக ஒரு சொம்பு தண்ணீர் எடுத்துப் போனேன்.

"சரியாயிடுச்சி மாமா. இனிமே நீங்களே இழுத்துக்கலாம். யாரும் வர வேணாம்."

"கேட்டுச்சிமா" என்றார். டம்ளரை வாங்கி ஒரே மூச்சில் குடித்தார். இரண்டாவதையும் குடித்தார். தண்ணீர் தாடையில் வழிந்து பனியனை நனைத்தது. துடைத்துக்கொள்ளாமலே கேட்டார்.

"நேத்து சாயங்காலமே சொம்ப பாத்துட்ட இல்ல?"

"பாத்தேன் மாமா."

"தெரியும். பாத்துட்டு ஒண்ணும் கேக்காம போன. சரி, நாம குடிக்காம இருந்தா இவளுக்கும் சௌகரியம்தான் போலன்னு நெனச்சிக்கிட்டேன். அதான் இன்னிக்கும் குடிக்கல."

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். டம்ளரை என் பக்கம் நீட்டினார். மூன்றாவது முறையும் ஊற்றினேன். அவர் குடித்து முடிக்கும்வரை சொம்பைக் கீழே வைக்காமல் பக்கத்திலேயே நின்றேன்.