துள்ளாத பந்து

சின்னப் பிள்ளைகளுக்கு விளையாட்டுப் பழக்குவது தொண்டைத் தண்ணீர் வற்றுகிற வேலை. நல்லூர்ப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் நான் பி.ரி. மாஸ்டராக இருந்தபோது, ஆரம்பப் பிரிவுக்கு, பந்தைக் கையால் எறிந்து கோல் போடுகிற கைப்பந்தாட்டம் பழக்கும்படி மேலிடத்திலிருந்து கட்டளை வந்தது. கட்டளைதான் வந்தது, பந்து வரவில்லை. சின்ன வகுப்புகளோடு மாரடித்த ஆசிரியர்களே, மிச்சம் உங்களுக்கு விளங்கும்.

பந்து

சண்டையால் சாமான்கள் வராத பொருளாதாரத் தடைக் காலம். சைக்கிளுக்கே ரியூப் இல்லை, பந்துக்கு எங்கே போவது? காலுக்குப் போடும் பழைய மேஸ் ஒன்றுக்குள் துணிக்கந்தலைத் திணித்து நானே தைத்தேன்.

இந்த ஆட்டத்தில் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று எட்டுக்கு மேல் ஓடக்கூடாது. நிலத்தில் தட்டித் தட்டித்தான் ஓடவேண்டும். இதை நெடுநேரம் விளங்கப்படுத்திவிட்டு, மூன்றாம் வகுப்பு ரமணனிடம் பந்தைக் கொடுத்தேன். அவன் சொன்னபடியே ஓங்கி நிலத்தில் தட்டினான். பந்து விழுந்த இடத்திலேயே கிடந்தது. எல்லாப் பிள்ளைகளும் சுற்றிவர நின்று குனிந்து பார்த்தார்கள். ரமணன் நிமிர்ந்து சொன்னான்: "பந்து செத்துப்போச்சு, சேர்."

விசில்

ஆட்டத்தை நிறுத்த விசில் ஊதினேன். முழுப்பேரும் பந்தை எறிந்துவிட்டு, மைதான ஓரத்தில் வெட்டியிருந்த பங்கர்க் குழிக்குள் பாய்ந்தார்கள். குண்டு போடப் பொம்மர் விமானம் வந்தால் அதிபர் ஊதுவதும் விசில்தான் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஒரு பிள்ளை வெளியே வரமாட்டேன் என்று உள்ளே இருந்து அழுதது. அதைத் தேற்றி எடுப்பதற்குள் பாடநேரம் முடிந்துவிட்டது.

இரண்டு விசிலில் ஒன்றை மாற்றவேண்டும் என்று அதிபரிடம் போய்ச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "விசிலை எனக்கு விட்டிடும் தம்பி. நீர் கையைத் தட்டும்."

வலை

கோல் கம்பங்கள் நட்டாயிற்று, வலை இல்லை. மயிலிட்டியிலிருந்து இடம்பெயர்ந்து வந்து முகாமில் இருந்த அந்தோனிப்பிள்ளை, எங்களிடம் படித்த மகள் சொல்லிக் கேள்விப்பட்டு ஒருநாள் சைக்கிளில் வந்தார். ஓடிவரும்போது அவர் தூக்கிக்கொண்டு வந்தது மீன்பிடி வலையை மட்டும்தான். வள்ளம் அங்கேயே நின்றுவிட்டது.

வலையை விரித்து, கம்பத்தோடு பிடித்து அளந்து, கத்தியை வைத்தார். ஊருக்குத் திரும்பும்போது தேவைப்படுமே என்று தடுத்தேன். அவர் வெட்டுவதை நிறுத்தவில்லை. "இது இனிக் கடலைக் காணாது, மாஸ்டர். பந்தையெண்டாலும் பிடிக்கட்டும்."

கோல் காப்பவள்

நன்றாக எறியக்கூடிய ஒரே பிள்ளை ஐந்தாம் வகுப்புச் சுகந்தி. அவளோ முன்னுக்கு விளையாட மாட்டாள், கோல்தான் காப்பாளாம். பக்கத்துப் பள்ளிக்கூடத்தோடு ஒரு ஆட்டம் வைக்க வேண்டும் என்ற என் ஆசை முழுக்க அவளுடைய கையில்தான் இருந்தது. கெஞ்சினேன், வெருட்டினேன், அசையவில்லை. கடைசியில், ஏன் பிள்ளை இந்தப் பிடிவாதம் என்று கேட்டேன். நிலத்தைப் பார்த்தபடி சொன்னாள்: "கோலுக்குப் பின்னாலைதானே பங்கர், சேர். நான் முதல் போனால் தம்பிக்கும் இடம் பிடிக்கலாம்."

அடுப்பு

தொண்ணூற்றைந்தில் திரும்பவும் சனம் இடம்பெயர்ந்து வந்து பள்ளிக்கூடத்தை நிறைத்தது. வகுப்பறைகள் போதாமல் மைதானத்திலும் கொட்டில் போட்டார்கள். ஒரு குடும்பம் இரண்டு கோல் கம்பங்களுக்கும் நடுவில் சேலையைக் கட்டிக் குடியிருந்தது. என்னுடைய பிள்ளைகளில் பாதிப்பேர் கிளாலிக் கடல் கடந்து வன்னிக்குப் போய்விட்டார்கள். சுகந்தியும் போய்விட்டாள், எனக்கு ஒரு சொல் சொல்ல அவளுக்கு நேரம் இருக்கவில்லை.

மிச்சப் பிள்ளைகள் பந்தோடு வந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். கோலுக்குள் சமைத்துக்கொண்டிருந்த அந்தக் குடும்பத்து அம்மா எங்களைக் கண்டு கையைத் துடைத்தபடி எழும்பி வந்தார். "விளையாடுறதெண்டால் சொல்லுங்கோ சேர், நான் அடுப்பை அங்காலை தள்ளி வைக்கிறன்."

அத்தனை வருசமும் கைப்பந்தாட்டம் பழக்கினேன் என்று சொல்லிக்கொள்ளலாம். ஒரு ஆட்டமாவது முடிந்தது என்று மட்டும் சொல்லமுடியாது.