ஆஸ்டினும் ஃபியட்டும்

தமிழ்ப் பகுதிகளைத் தமிழகத்தோடு சேர்க்கக் கேட்ட எல்லைப் போராட்டத்தில் போலீஸ் தடியடி நடந்த அன்று, உதியன்குளங்கரையில் என் அண்ணன் மண்டை உடைந்து கிடந்தான். பக்கத்து ஷெட்டில் ஆஸ்டின், ஃபியட் என்று இரண்டு வாடகைக் கார்கள் நின்றன. தூக்கம் காணாத சிவந்த கண்களோடு டிரைவர் எழுந்து வந்தார்.

"ஆஸ்டினை எடுங்க அண்ணாச்சி, அதுதானே வேகம்!" என்று கத்தினேன்.

"வேகம் உண்டு மக்கா. ஆனா வளைவுல ஆளைச் சாய்ச்சிரும். ஃபியட் ஆடாம திரும்பும்."

வழக்கம்போல ஒவ்வொரு டயரையும் கையால் அழுத்திப் பார்த்த பிறகே கிளம்பினார். நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரி வரை அண்ணன் தலை என் மடியில் அசையவில்லை. பிழைத்துவிடுவான் என்றார் டாக்டர்.

சீட்டிலிருந்த ரத்தத்தைத் துடைத்துக்கொண்டிருந்த டிரைவரிடம், "ஃபியட் ஆக்கும் நல்ல வண்டி" என்றேன்.

"கல்யாண ஓட்டத்துக்கு ஆஸ்டின் ஆக்கும் நல்லது" என்றார் அலுப்போடு. "இப்போ அதுக்கு ஒருத்தனும் கூப்பிடல்ல."

போராட்டத்தில் அவர் எந்தப் பக்கம் என்று கேட்க எனக்கு அன்று தோன்றவில்லை. இன்றும் தெரியாது.